ஏழாம் நம்பர் டப்பா

அத்தியாயம் 5

கழுத்துரு காணாமல் போன வீட்டில் எங்களுக்கு வெள்ளைப் பணியாரம் வைத்தார்கள்.

நான் ஆறு சாப்பிட்டேன். உடையப்பன் அண்ணன் ஒன்றை மட்டும் எடுத்து, வாயில் போடாமல், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெசம் எதுவும் இல்லண்ணே. ஆறு தின்னும் உசுரோடதான் இருக்கேன்" என்றேன்.

"எனக்கு அதான் இடிக்குது, சுந்தரம்."

"நான் உசுரோட இருக்கிறதா?"

"பணியாரம் இவ்வளவு நல்லா இருக்கிறது" என்றார் அண்ணன்.

அவர் பேச்சு எப்போதும் இப்படித்தான். வக்கீல் குமாஸ்தாவாக இருந்து துப்பறிய வந்தவர். காரைக்குடியில் ஒரு சைக்கிள் கடை மாடியில் எங்கள் ஆபீஸ். யார் நாற்காலி போட்டாலும் போட்ட இடத்தில் உட்காரமாட்டார். தூக்கி நாலடி தள்ளிப் போட்டுத்தான் உட்காருவார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித் தள்ளிப் போட்டதால்தான் இன்னும் பிரம்மச்சாரி என்று நினைக்கிறேன். நான் அழகுசுந்தரம், அவருக்கு உதவி. அதற்கு முன் பதினோரு வருஷம் டூரிங் டாக்கீஸில் புரொஜக்டர் ஓட்டியவன்.

அதனால் எங்களை வரவழைத்திருந்த சொக்கலிங்கம் செட்டியாரை எனக்கு நேரில் தெரியாவிட்டாலும் பேரில் தெரியும். பம்பாயில் பதினெட்டு வருஷம் டாக்குமெண்டரி எடுத்தவர். அணைக்கட்டு, அம்மை ஊசி, உர மூட்டை. மெயின் படத்துக்கு முன்னால் அவர் படத்தைத்தான் ஓட்டுவேன். எங்கள் கொட்டகையில் முறுக்கு அதிகம் விற்கும் நேரம் அதுதான். அவர் படத்தில் ஜனங்கள் வாய் திறக்கமாட்டார்கள், அவர்களுக்குப் பதிலாக ஒரு கனத்த குரல் பேசும். உழவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே உழுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தன் அப்படி உழுதால் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

அவர்தான் ஐந்து வருஷத்துக்கு முன் பம்பாயை விட்டுவிட்டு மானகிரிக்கு வந்து, அறுபது ஏக்கர் மாந்தோப்பையும் நடுவில் ஒரு பெரிய வீட்டையும் வாங்கி, வாசலில் 'எஸ்டேட்' என்று பலகை மாட்டியவர். வருஷா வருஷம் தையில் மூன்று நாள் விழா நடத்துவார். மெட்ராஸிலிருந்தும் டில்லியிலிருந்தும் பெரிய மனிதர்கள் வருவார்கள், கூட ஒன்றிரண்டு வெள்ளைக்காரர்களும். சிலம்பம், கோலாட்டம், பந்தி எல்லாம் உண்டு. கடைசி நாள் மாலையில் செட்டியார் புதிதாக எடுத்த படம், ஊர் ஜனங்களுக்கும் சேர்த்து.

இந்த 1972-ஆம் வருஷத்து விழா நாளைக்கு ஆரம்பம். விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று செட்டியார் தம் மனைவி நாகம்மை ஆச்சியின் கழுத்துருவைக் கோத்து, ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார். கழுத்துரு என்றால் சும்மா நகை இல்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை கட்டுகிற தாலி அது. மார்பை மூடுகிற அளவு தங்கம். கல்யாணத்துக்குப் பிறகு இரும்புப் பெட்டிக்குள் போனால், புருஷனுடைய அறுபதாம் கல்யாணத்துக்குத்தான் மறுபடி கழுத்தில் ஏறும். அது திங்கட்கிழமை காலை கண்ணாடிப் பெட்டியில் இல்லை.

அந்த அறையைப் பெருக்கப் போனவள் மீனாள் ஒருத்திதான்.

மீனாள் புதுவயல் ரைஸ் மில்லில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள். போன மாதம்தான் இந்த வீட்டு வேலைக்கு வந்தாள். அவள் மகளுக்கு வலையபட்டியில் மாப்பிள்ளை பேசி முடிந்து, வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட வருவதாக இருந்தது. திருட்டுப் பேச்சு காதில் விழுந்ததும் அவர்கள் ஆள் அனுப்பிவிட்டார்கள். 'பேரு தெளிஞ்சா வர்றோம். இல்லாட்டி எங்கள விட்ருங்க' என்று. இன்று புதன். மாலை ஐந்து மணிக்குள் கழுத்துரு கிடைக்காவிட்டால் போலீஸுக்குச் சொல்லிவிடுவதாகச் செட்டியார் கெடு வைத்திருந்தார். போலீஸ் ஜீப்பில் அம்மா ஏறிவிட்டால் மகளுக்கு வலையபட்டியும் இல்லை, வேறு எந்தப் பட்டியும் இல்லை.

காலை எட்டு மணிக்கு முற்றத்தில் அவளை விசாரித்தோம். செட்டியாரே நாற்காலி எடுத்துப் போட்டார். அண்ணன் வழக்கப்படி அதைத் தூக்கித் தூணுக்குப் பின்னால் போட்டார்.

"அங்குட்டு வேண்டாம் உடையப்பன், இருட்டா இருக்கு. இங்குட்டு வாங்க" என்று செட்டியார் அதைத் திருப்பி வெயிலுக்கு இழுத்தார். மூன்று முறை இந்த இழுபறி நடந்தது. கடைசியில் செட்டியார்தான் ஜெயித்தார். மீனாளுக்குப் போட்டிருந்த முக்காலியைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டே வைத்திருந்தார்கள்.

"நான் எடுக்கலங்கய்யா" என்றாள் மீனாள். முப்பத்தெட்டு வயசு இருக்கும். மில்லில் வெயில் தின்ற முகம். "தூசி தட்டினேன். கண்ணாடிய ஈரத்துணி வச்சுத் தொடச்சேன். அம்புட்டுத்தான். எம் மகளுக்கு வெள்ளிக்கிழம பரிசம். இப்பப் போயி நான் திருடுவேனா?" அதற்கு மேல் பேச முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் மேலே அண்ணாந்து பார்த்தார். மாடியில் முற்றத்தைப் பார்த்தபடி நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி போட்ட ஜன்னல். ஒரே ஒரு சில்லு மட்டும் உடைந்து ஓட்டையாக இருந்தது. அந்தப் பக்கமிருந்து 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம்.

"மேல என்ன சத்தம், செட்டியார்?"

"ஆச்சி மெஷின்ல தைக்கிறாக. விழாவுக்குத் திரைத்துணி" என்றார் செட்டியார்.

விசாரணை முடிந்த கையோடுதான் அடுப்படியிலிருந்து நாகம்மை ஆச்சி தட்டோடு வந்தார். வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. "நல்லாச் சாப்பிடுங்க. வெயில்ல வந்திருக்கீக" என்றார். நான் நல்லாச் சாப்பிட்டேன்.

அடுத்தது சாட்சிகள். காவல்காரர் வீரணன் தோப்பு வாசலில் நின்று சொன்னார்: "மீனா மடியில எதையோ மறைச்சுக்கிட்டு கெழக்கால போச்சு. என்னத்தான்னு கேட்டேன். திரும்பியே பாக்கல." சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

தோட்டக்காரர் ஐயனார் கிணற்றடியில் நின்று சொன்னார்: "மீனா மடியில எதையோ மறைச்சுக்கிட்டு கெழக்கால போச்சு. என்னத்தான்னு கேட்டேன். திரும்பியே பாக்கல." அதே இடத்தில் அதே பெருமூச்சு.

"ரெண்டு பேருக்கும் ஒரே நுரையீரலாண்ணே?" என்று காதில் கேட்டேன்.

அண்ணன் ஐயனாரை மறுபடி சொல்லச் சொன்னார். பாதியில் மறித்து, "எந்தக் கையில மறைச்சுது?" என்றார். ஐயனார் வாயை மூடிக்கொண்டு மூன்றடி பின்னால் போனார். துண்டைச் சரிசெய்தார். முன்னால் வந்து, "மீனா மடியில எதையோ" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"சரி, மத்தியானம் ஒரு மணிக்கு வர்றேன். அது எப்படிப் போச்சுன்னு நடந்து காட்டுங்க" என்றார் அண்ணன்.

"உச்சி வெயில்லயா?" ஐயனார் முகம் சுளித்தார். "மூக்குக்குக் கீழ நெழலு விழுந்துருங்க. நாலரைக்கு வாங்க. மொகம் தெளிவா இருக்கும்."

மண்வெட்டி பிடிக்கிற மனுஷன் இப்படிச் சொன்னதும் அண்ணன் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்.

மானகிரி ரோட்டில் ஒரு டீக்கடை. பெஞ்சை நாலடி தள்ளிப் போட்டு உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டார்:

"அந்த வீட்ல எத்தனை ஆச்சி, சுந்தரம்?"

"ஒருத்தவுகதான்."

"நாம மீனாள விசாரிக்கும்போது அவுக எங்க இருந்தாக?"

"அடுப்படியில. பணியாரம் சுட்டுக்கிட்டு..." என்றவன் பாதியில் நிறுத்தினேன். "அப்ப மாடியில தைச்சது யாரு?"

"சத்தத்த நெனச்சுப் பாரு."

நினைத்தேன். அரை நிமிஷம் கிர்ர்ர். பிறகு நின்றது. பிறகு கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல் கறக், கறக், கறக். மறுபடி அரை நிமிஷம். எந்தத் தையல் மெஷினுக்கும் சாவி கொடுக்கமாட்டார்கள். சாவி கொடுத்து ஓட்டும் சினிமா காமிராவுக்குத்தான் கொடுப்பார்கள். பதினோரு வருஷம் பிலிம் ஓடும் சத்தத்திலேயே தூங்கி எழுந்த காது, அதைத் தையல் மெஷின் என்று நம்பியிருக்கிறது! இந்தக் காதைக் கழற்றி எங்கள் ஆபீஸுக்குக் கீழே இருக்கும் சைக்கிள் கடையில் கொடுத்துவிடலாம்.

"மேல இருந்து படம் புடிக்கிறாக" என்றேன்.

"புடிக்கிறாக. கழுத்துரு தொலையவும் இல்ல. தொலஞ்சிருந்தா நாகம்ம ஆச்சி பச்சத்தண்ணி குடிப்பாகளா? புருஷன் உசுருக்கு என்னமோ ஏதோன்னு கோயில் கோயிலாப் போயி விழுந்திருப்பாக. இவுக என்னடான்னா அரிசியையும் உளுந்தையும் அளந்து ஊறப்போட்டு, நுரைக்க ஆட்டி, ஓரம் செவக்காம ஒவ்வொண்ணா ஊத்தி எடுத்திருக்காக. நடுங்குற கைக்கு அந்தப் பணியாரம் வராது, சுந்தரம்."

அத்தனையும் புரிந்தது. வெயிலுக்கு இழுத்த நாற்காலி, சாக்பீஸ் கோடு, ஒத்திகை பார்த்த பெருமூச்சு. செட்டியார் ஒரு திருட்டை ஏற்பாடு செய்து, அதைத் துப்பறிவதையும் ஏற்பாடு செய்து, படமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப நாம ரெண்டு பேரும் நடிச்சிருக்கோம்" என்றேன். "மொதல்லயே சொல்லியிருந்தா நல்ல சட்டையாப் போட்டு வந்திருப்பேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. "ஐஞ்சு வருஷமா விழாவுக்கு விழா நடிச்சு இந்தத் தோப்புல எல்லாரும் தேறிட்டாக. இது நடிப்புன்னு சொல்லாம விட்டது மூணு பேருக்குத்தான். ஒண்ணு நான், ஒண்ணு நீ. நமக்கு இதனால ஒண்ணும் கொறஞ்சு போகாது. ஆனா மீனாளுக்கு?"

நான் டீயைக் கீழே வைத்தேன். அண்ணன் மேலே சொன்னார்: "இப்பப் போயிக் கேட்டா, 'அட, கண்டுபுடிச்சிட்டீகளே'ன்னு தோளத் தட்டி, விழாவுக்கு டிக்கெட்டும் குடுத்து அனுப்பிருவாரு. படம் அவர்கிட்ட இருக்கும். கடைசி நாள் திரையில அவ அழுகுறத மானகிரியும் பாக்கும், வலையபட்டியும் பாக்கும். பொய்த் திருட்டுன்னு சொன்னா யாரு நம்புவா? அழுதது நெசமாச்சே." பிறகு கேட்டார். "அது சரி, அந்த வீட்ல யாருமே தொறக்காத பெட்டி எது?"

இதற்கு மட்டும் நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "பிலிம் டப்பா. கழுவாத பிலிமுல வெளிச்சம் பட்டா அம்புட்டும் போச்சு. எங்க கொட்டகையில கழுவுன பிலிம் டப்பாவையே மொதலாளி தொடமாட்டாரு."

"அதுலதான் ஒளிச்சிருப்பாரு. வா, நாலரை மணி வெளிச்சத்துக்குப் போவோம்."

முற்றத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். திருடனைக் காட்டப்போகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பியதுமே செட்டியார் அவரவர் நிற்கும் இடத்தை முடிவு செய்துவிட்டார். வீரணன் தூணோரம், ஐயனார் படியில், நாகம்மை ஆச்சி நிலைப்படியில், மீனாள் அதே முக்காலியில். மாடி ஜன்னலில் கிர்ர்ர். அண்ணன் இந்தமுறை நாற்காலியை நகர்த்தவே இல்லை. போட்ட இடத்திலேயே உட்கார்ந்தார். செட்டியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"செட்டியார், வீடு பூராவும் தேடியாச்சு" என்றார் அண்ணன். "ஒரே ஒரு எடந்தான் பாக்கி. உங்க பிலிம் டப்பாக்கள். சுந்தரம், எடுத்துட்டு வா."

மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து, படம் எடுத்ததும் இனி எடுக்க வைத்திருந்ததுமாக இருந்த எட்டு டப்பாக்களையும் கொண்டுவந்து வெயிலில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் நம்பர், பிளாஸ்திரி ஒட்டு, சிவப்பு எழுத்தில் 'திறக்காதே'. செட்டியாரின் சிரிப்பு பாதி முகத்தில் நின்றது.

"உடையப்பன், அது கழுவாத பிலிம். தொறந்தா அம்புட்டும் வீணாப் போயிரும்."

"அஞ்சு மணிக்குப் போலீஸ் வந்தா அவுகளும் தொறப்பாக. ஒண்ணாம் நம்பர், சுந்தரம்."

நான் ஒட்டைப் பிடித்து இழுத்தேன். புரொஜக்டர்காரன் விரலுக்கு அந்த ஒட்டு எங்கே விடும் என்று தெரியும்.

"வேண்டாம்!" என்று செட்டியார் கத்தினார்.

"அப்ப ரெண்டாம் நம்பர்."

"அதுவும் வேண்டாம். எதையும் தொடாதீக!"

"எதுல இருக்குன்னு தெரிஞ்சா மத்ததத் தொடவேண்டிய சோலி இல்ல" என்றார் அண்ணன் அமைதியாக.

செட்டியார் டப்பாக்களைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்தார். "ஏழு" என்றார் கடைசியில். "ஏழாம் நம்பர்ல இருக்கு."

மீனாள் முக்காலியிலிருந்து எழுந்தாள். "என்னங்கய்யா சொல்றீக? எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சேவா என்னய உக்கார வச்சுக் கேட்டீக?"

செட்டியார் அவளைப் பார்க்காமல் அண்ணனிடம் பேசினார். "பதினெட்டு வருஷம் படம் எடுத்தேன். ஒரு நெசமான அழுகை எனக்குக் கெடைச்சதில்ல. காமிராவப் பாத்ததும் சனங்க சிரிச்சிருவாக, இல்லாட்டி நடிச்சிருவாக. இந்தத் தோப்புல இப்ப மாடுகூட நடிக்குது. இவ ஒருத்திதான் புதுசு. படம் முடிஞ்சதும் உண்மையச் சொல்லி, மகளுக்கு ஒரு பட்டுப் பொடவையும் எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன்."

அந்தப் புடவையை அவர் நிஜமாகவே பெரிய மனசு என்று நினைத்தார். அதைக் கேட்டபோது எனக்கு அவர் முகத்தில் குத்த வேண்டும் போல் இருந்தது. அதற்குப் பதிலாக ஏழாம் நம்பர் டப்பாவைத் திறந்தேன்.

உள்ளே ஒரு பெரிய புளி உருண்டை இருந்தது.

செட்டியார் எட்டிப் பார்த்தார். புளியைக் கையில் எடுத்துப் பிய்த்தார். பிய்த்துக்கொண்டே இருந்தார். "இதுலதான வச்சேன்? நானே என் கையால வச்சேனே!" அவர் முகம் போன போக்கை நான் அதுவரை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. கண்கள் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. "நாகு... நம்ம கழுத்துரு... நெசமாவே போச்சு!"

பிறகு பாய்ந்தார். ஒன்றாம் நம்பர் டப்பாவின் ஒட்டைக் கிழித்தார். உள்ளே கறுப்புக் காகிதம், அதையும் கிழித்தார். சுருண்டிருந்த பிலிம் வெயிலில் சரசரவென்று அவிழ்ந்து விழுந்தது. இரண்டு, மூன்று, நான்கு. "எதுலயாச்சும் மாத்தி வச்சிட்டேனா" என்று புலம்பிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எட்டாவது டப்பாவும் தீர்ந்ததும் முழங்கால்வரை பிலிமுக்குள் நின்றுகொண்டு, ஐம்பத்து நாலு வயசு மனுஷன் குழந்தை மாதிரி விசும்பினார்.

நிலைப்படியிலிருந்து நாகம்மை ஆச்சி பேசினார். "ஏன் இப்புடி அழுகுறீக? அது எம் பெட்டியில இருக்கு."

முற்றமே திரும்பிப் பார்த்தது.

"நீங்க அதத் தகர டப்பாவுல போட்டத அன்னிக்கே பாத்தேன். என் கழுத்துருவ அதுலயா விட்டுவைப்பேன்? எடுத்து உள்ள வச்சிட்டு, கனம் இருக்கட்டும்னு புளியப் போட்டேன்."

அண்ணன் என் பக்கம் குனிந்து, "செட்டியார் ஒளிச்ச எடத்துல இருக்குன்னு நம்புற பொம்பளைக்கும் அந்தப் பணியாரம் வராது" என்றார்.

செட்டியார் நிதானத்துக்கு வந்தார். காலைச் சுற்றிக் கிடந்த பிலிமைப் பார்த்தார். இத்தனை நாள் எடுத்தது முழுக்க வெளிச்சம் பட்டு வீணாகிக் கிடந்தது. அப்போதுதான் மாடிச் சத்தம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கிர்ர்ர். அவருடைய காமிராமேன் இராமு, சொன்ன வேலையை விசுவாசமாகச் செய்துகொண்டிருந்தான்.

"ராமு! நிறுத்துரா! நான் அழுததையுமா எடுத்த?"

"ஆமாண்ணே" என்று ஓட்டைச் சில்லுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நெசமா வந்திருக்குண்ணே!"

"தொறந்து வெளிச்சத்துல போடு! ஒரு மனுஷன் அழுகுறத நாலு பேருக்குப் போட்டுக் காட்டுறதா? அறிவில்ல உனக்கு?"

இதைச் சொன்னவர் வாயை மூடிக்கொண்டார். மீனாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து கடைசிச் சுருள் அவிழ்ந்து, நீளமாக முற்றத்தில் இறங்கியது.

மீனாள் ஆச்சி பக்கம் திரும்பினாள். "உங்க பெட்டியில இருக்குன்னு தெரிஞ்சும் எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே, ஆச்சி. என் அழுகையக் கேட்டுக்கிட்டே பணியாரம் சுட்டீகளே."

ஆச்சிக்கு முதல்முறையாகக் கை நடுங்கியது. "அவுக எப்பவும் எதையாச்சும் எடுப்பாக. நான் கேட்டுக்கிறதில்ல" என்றார். சொல்லும்போதே அது போதாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

செட்டியார் அவசரமாக நடுவில் வந்தார். "விழா மேடையில மைக்ல சொல்லிர்றேன். வலையபட்டிக்காரவுகள முன் வரிசையில உக்கார வைக்கிறேன்."

"நீங்க சொன்னா அதையும் படம்னு நெனைப்பாக" என்றார் அண்ணன். "ஆச்சி கழுத்துருவ எடுத்துக்கிட்டு அவுக வீட்டுக்கே நேர்ல போகணும்."

"எடுத்துக்கிட்டுப் போனாப் பத்தாதுங்க" என்றாள் மீனாள். கண்ணைத் துடைத்துவிட்டு, நெல் காய்ந்த பதம் சொல்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "கையில கொண்டுபோனா, திருடுனவகிட்டருந்து புடுங்கிட்டு வந்தோம்னு ஆகும். ஆச்சி கழுத்துல போட்டுக்கிட்டு வரணும். கழுத்துல இருந்தாத்தான் அது தொலையவே இல்லன்னு ஆகும்."

அண்ணன் என் பக்கம் திரும்பி, "நாளைக்கு ஆபீஸ்ல ஒரு நாற்காலி கூடுதலாப் போடணும் போல இருக்கே" என்றார்.

"நெனச்சப்பப் போடுற நகையா அது?" ஆச்சி திடுக்கிட்டார். "கல்யாணத்துக்குத்தான் கழுத்துல ஏறும்."

"இதுவும் கல்யாணந்தான, ஆச்சி. எம் மக கல்யாணம்."

ஆச்சி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வாசலில் கார் நின்றது. காவல்காரர் வீரணன்தான் டிரைவரும். ஐந்து மணி வெயில் மாமரங்களுக்கு நடுவே மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தபோது நாகம்மை ஆச்சி படியில் இறங்கினார். அரக்குப் பட்டு. கழுத்திலிருந்து இடுப்புவரை கழுத்துரு. முப்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு சாதாரணப் புதன்கிழமையில், வேலைக்காரியின் மகளுக்காக. முகத்தில் வெட்கமும் கர்வமும் பயமும் ஒன்றாக இருந்தன. பக்கத்தில் அழுத முகத்தைக் கழுவிக்கொண்டு மீனாள்.

செட்டியார் வாசலுக்கு ஓடி வந்தார். கைகள் தாமாகவே உயர்ந்து விரல்களால் சட்டம் கட்டின. "நில்லுங்க! ஒரே ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க!"

ஐந்து வருஷப் பழக்கம். அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். காரின் கதவைத் திறந்த வீரணன் கதவில் வைத்த கையோடு நின்றார். ஐயனார் மூக்கை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். ஆச்சி தூக்கிய காலைப் படியில் வைக்காமல் நின்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றேன்.

"ராமு! ஒரு ரோல் எடுத்துட்டு ஓடியாடா!"

"எங்கண்ணே இருக்கு?" என்றான் இராமு வாசலுக்கு வந்து. "எல்லாத்தையும் நீங்கதான தொறந்தீக?"

மீனாள் மட்டும் நிற்கவில்லை. நேராக நடந்து போய்க் காரில் ஏறி, ஆச்சிக்கு இடம்விட்டு உட்கார்ந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏறுங்க ஆச்சி" என்றாள். "வலையபட்டியில வெளக்கு வைக்கிறதுக்குள்ள போகணும்."